இருதயத்தில் ஓட்டையா? தொடை வழியாகப் போய் அடைக்கலாம்!



பிள்ளை பிறந்த வீட்டில் முதல் கேள்வி, "ஆணா, பெண்ணா?" என்பது. இரண்டாவது கேள்வி, "எத்தனை கிலோ?" என்பது. "பிள்ளையின் இருதயத்தை டாக்டர் சோதித்துப் பார்த்தாரா?" என்று எவரும் கேட்பதில்லை. இனி அதையும் கேட்க வேண்டும். ஏனென்றால் உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் சுமார் எட்டு முதல் பத்துக் குழந்தைகளுக்கு இருதயத்தில் பிறவிக் கோளாறு இருக்கிறது. அதில் பெரும்பகுதி, நாம் பேச்சு வழக்கில் சொல்லும் 'இருதய ஓட்டை'.

இந்தச் சொல்லைக் கேட்டதும் தாய் தகப்பன் இருவருக்கும் கை கால் நடுங்கிப் போகும். "நெஞ்சைப் பிளக்க வேண்டுமே! பிள்ளை பிழைக்குமா? பொட்டப்புள்ளையாச்சே, நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று மனசு தவிக்கும். அந்தத் தவிப்பிலேயே மாதங்களும் வருஷங்களும் ஓடிவிடும். ஆனால் இன்று பல ஓட்டைகளை நெஞ்சைக் கீறாமலே, தொடையில் உள்ள இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, ஒரு சிறு கருவியை வைத்து அடைத்துவிடுகிறார்கள். காலத்தில் போக வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அதைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

நான்கு அறை வீடு

இருதயம் அவரவர் கைமுட்டி அளவு உள்ள ஒரு தசைப் பை. அதற்குள் நான்கு அறைகள். மேலே இரண்டு, கீழே இரண்டு. வலது பக்கத்து அறைகளுக்கு உடம்பெல்லாம் சுற்றி வந்த கெட்ட இரத்தம் வந்து சேரும். அங்கிருந்து நுரையீரலுக்குப் போய் பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு நல்ல இரத்தமாக இடது பக்கத்துக்குத் திரும்பும். இடது பக்கம் அதை உடம்பு முழுவதற்கும் தள்ளும். இப்படி நிமிஷத்துக்கு எழுபது தடவை, நாளொன்றுக்கு ஒரு லட்சம் தடவை துடிக்கிறது இந்தத் தசை.

வலது பக்கத்துக்கும் இடது பக்கத்துக்கும் நடுவில் ஒரு சுவர் உண்டு. நல்ல இரத்தமும் கெட்ட இரத்தமும் கலக்காமல் பார்த்துக்கொள்வது அந்தச் சுவரின் வேலை.

வரப்பில் நண்டு வளை

தாயின் வயிற்றில் இருக்கும்போது பிள்ளைக்கு மூச்சு இல்லை. பிராணவாயு தொப்புள் கொடி வழியாகவே வருகிறது. அதனால் நுரையீரலைச் சுற்றிப் போக வேண்டிய அவசியம் இல்லை. மேல் அறைகளுக்கு நடுவே ஒரு சிறு கதவும், இருதயத்துக்கு வெளியே இரண்டு பெரிய குழாய்களை இணைக்கும் ஒரு சிறு வாய்க்காலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கும். பிறந்து முதல் அழுகை அழுது மூச்சு இழுத்ததும் இவை தாமாக மூடத் தொடங்கும்.

சிலருக்கு அந்த வாய்க்கால் மூடாமல் நின்றுவிடும். இதை பி.டி.ஏ. என்பார்கள். சிலருக்கு மேல் சுவர் சரியாக வளராமல் ஓட்டையாக இருக்கும். இது ஏ.எஸ்.டி. கீழ் அறைகளுக்கு நடுவே ஓட்டை இருந்தால் வி.எஸ்.டி. ஆஸ்பத்திரிச் சீட்டில் இந்த எழுத்துக்களைப் பார்த்தால் பயந்துவிட வேண்டாம். அது எந்த இடத்து ஓட்டை என்று சொல்கிற பெயர், அவ்வளவுதான்.

ஓட்டை இருந்தால் என்ன ஆகும்? வயலில் வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மேல் வயலுக்கும் கீழ் வயலுக்கும் நடுவில் வரப்பு. வரப்பில் நண்டு வளை விழுந்தால் மேல் வயல் தண்ணீர் கீழ் வயலுக்கு ஒழுகும். கீழ் வயலில் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகும். இருதயத்திலும் இதே கதைதான். இடது பக்கத்தில் அழுத்தம் அதிகம். அங்கிருந்து இரத்தம் ஓட்டை வழியாக வலது பக்கம் ஒழுகி, மறுபடியும் நுரையீரலுக்கே போகும். நுரையீரலில் இரத்தம் மிஞ்சும். இருதயத்துக்கு இரட்டை வேலை.

நண்டு வளை சிறியதாக இருக்கும்போது ஒரு கைப்பிடி மண் போதும். விட்டுவிட்டால் வரப்பே உடையும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கீழ்க்கண்டவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் பிள்ளையை டாக்டரிடம் காட்டுங்கள்.

1. பால் குடிக்கும்போது அடிக்கடி நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்குதல். நெற்றியெல்லாம் வேர்த்துப் போதல்.
2. வயதுக்குத் தக்க எடை கூடாமை.
3. மாதம் தவறாமல் சளி, காய்ச்சல், நெஞ்சு இரைப்பு.
4. சக பிள்ளைகளோடு ஓடி விளையாட முடியாமல் உட்கார்ந்துவிடுதல்.
5. அழும்போது உதடு, நாக்கு, நகம் நீலம் பூத்தல். இது இருந்தால் அன்றே போக வேண்டும்.

இன்னொரு விஷயம். மேல் சுவர் ஓட்டை பல பிள்ளைகளுக்கு எந்தத் தொந்தரவும் தராது. பிள்ளை ஓடும், ஆடும், பள்ளிக்கூடம் போகும். டாக்டர் குழல் வைத்துக் கேட்கும்போதுதான் வித்தியாசமான சத்தம் தெரியும். "நல்லாத்தானே இருக்கா" என்று நாம் நினைப்பது இதனால்தான். சத்தம் கேட்டதாக டாக்டர் சொன்னால் 'எக்கோ' எடுத்துப் பாருங்கள். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஸ்கேன் எடுப்பது போலத்தான் இதுவும். வலி இல்லை, ஊசி இல்லை. ஓட்டை எங்கே, எவ்வளவு பெரிது, இரத்தம் எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று படமாகத் தெரிந்துவிடும்.

யார் செய்த பாவமும் அல்ல

"கிரகணத்தன்னைக்கு வெளியே வந்தாள், அதான்" என்றும், "அவ ராசி அப்படி" என்றும் தாயின் மேல் பழி போடுவது நம் வீடுகளில் இன்றும் நடக்கிறது. இது தவறு. கிரகணத்துக்கும் இருதயத்துக்கும் சம்பந்தம் கிடையாது. பிள்ளை கருவில் உண்டான முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே இருதயம் உருவாகிவிடுகிறது. பல தாய்மார்களுக்குத் தாம் கர்ப்பம் என்பது தெரிவதற்குள் பாதி வேலை முடிந்துபோயிருக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இன்ன காரணம் என்று எடுத்துச் சொல்ல முடியாது.

சில காரணங்களை மட்டும் நாம் முன்கூட்டியே தடுக்கலாம்.

* கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா என்னும் அம்மை கண்டால் பிள்ளையின் இருதயம் கெடலாம். ஒன்பதாம் மாதத்திலும் ஒன்றரை வயதை ஒட்டியும் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியைப் பெண் குழந்தைகளுக்குத் தவறவிடாதீர்கள்.
* சர்க்கரை நோய் உள்ள பெண், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வந்த பிறகே கர்ப்பம் தரிக்க வேண்டும்.
* டாக்டரைக் கேளாமல் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.
* அக்காள் மகள், அத்தை மகள், மாமன் மகள் என்று நெருங்கிய இரத்த உறவில் கட்டினால் பிறவிக் கோளாறுக்கு வாய்ப்புச் சற்றுக் கூடும்.

ஒரு பிள்ளைக்கு ஓட்டை இருந்தால் அடுத்த பிள்ளைக்கும் வருமா என்று கேட்கிறார்கள். நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு வரலாம். மற்றவர்களுக்கு வராது. ஆகவே அடுத்த கர்ப்பத்தின் ஐந்தாம் மாத ஸ்கேனின்போது, "மூத்த பிள்ளைக்கு இருதயத்தில் ஓட்டை இருந்தது" என்று மறக்காமல் சொல்லுங்கள்.

குழாய் வழி வந்த கதை

முன்பெல்லாம் ஓட்டையை அடைக்க ஒரே வழி, நெஞ்செலும்பை அறுத்து, இருதயத்தை நிறுத்தி வைத்து, தையல் போடுவதுதான். நம் நாட்டில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 1961-ல் திறந்த இருதய ஆபரேஷன் வெற்றிகரமாக நடந்தது. அந்த முறை இன்றும் உயிர் காக்கிறது. பல ஓட்டைகளுக்கு அதுதான் சரியான வைத்தியமும்கூட.

ஆனால் இரத்தக் குழாய் வழியாகவே இருதயத்துக்குள் போகலாம் என்று 1929-ல் ஒருவர் காட்டினார். ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே என்னும் ஊரில் வேலை பார்த்த வெர்னர் போர்ஸ்மான் என்ற இளம் டாக்டர், தன்னுடைய கை நரம்பு வழியாக 65 சென்டிமீட்டர் நீளக் குழாயைத் தானே உள்ளே தள்ளினார். அப்படியே நடந்து போய் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். குழாயின் நுனி இருதயத்துக்குள் இருந்தது! 1956-ல் அவருக்கும் வேறு இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

பாதை தெரிந்துவிட்டது. பிறகு அந்தப் பாதையில் சாமான் அனுப்புவதுதானே பாக்கி? 1967-ல் பெர்லினில் போர்ஸ்ட்மான் என்ற டாக்டர் பி.டி.ஏ. வாய்க்காலைக் குழாய் வழியாக அடைத்தார். 1970-களின் நடுவில் அமெரிக்காவில் கிங், மில்ஸ் என்ற இரு டாக்டர்கள் மேல் சுவர் ஓட்டையை அதே வழியில் அடைத்தார்கள். 1990-களில் குர்ட் அம்ப்ளாட்ஸ் என்ற டாக்டர், நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் கம்பியால் முடைந்த அடைப்பான் ஒன்றைச் செய்தார். உலகெங்கும் டாக்டர்கள் கையில் எடுத்தது அந்த மாதிரியைத்தான். நிட்டினால் கம்பியை நீட்டி இழுத்தாலும், விட்டவுடன் தன் பழைய வடிவத்துக்கே வந்துவிடும். அதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

உடன்குடிப் பக்கத்துப் பெண்களுக்கு இது அந்நியமான வேலையாகத் தோன்றாது. பனையோலையை நறுக்கிப் பெட்டி முடைவது போல, கம்பியைக் குறுக்கும் நெடுக்குமாக முடைந்து செய்ததுதான் அந்த அடைப்பான். தென் அமெரிக்காவில் பொலிவியா நாட்டில், லா பாஸ் நகரத்தில், பரம்பரையாகக் கம்பளி பின்னும் அய்மாரா இனப் பெண்கள் இப்படிப்பட்ட இருதய அடைப்பான்களைக் கையாலேயே பின்னித் தருகிறார்கள். நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான நிறுவனமும், பெங்களூர் தேசிய விண்ணூர்தி ஆய்வகமும் சேர்ந்து, நம் நாட்டிலேயே செய்யக்கூடிய நிட்டினால் அடைப்பானை உருவாக்கி, 2020-ல் அதன் தொழில்நுட்பத்தைத் தயாரிப்புக்குக் கொடுத்தன.

உள்ளே எப்படி வைக்கிறார்கள்?

காப்பர்-டி பற்றி உங்களுக்குத் தெரியும். டி எழுத்தின் இரண்டு கைகளையும் மடக்கி ஒரு மெல்லிய குழாய்க்குள் வைத்து, கருப்பைக்குள் கொண்டுபோய் விட்டதும் கைகள் விரிந்துகொள்கின்றன. குழாயை மட்டும் வெளியே எடுத்துவிடுகிறார்கள். இருதய அடைப்பானும் இதே தத்துவம்தான். வழிதான் கொஞ்சம் தூரம்.

முதலில் பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுப்பார்கள். தொடை மடிப்பில் ஓர் ஊசி மூலம் இரத்தக் குழாயைத் தொடுவார்கள். அதன் வழியாக மெல்லிய கம்பியை விட்டு, கம்பியின் மேலேயே குழாயை ஏற்றுவார்கள். குழாயின் தடிமன் இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டருக்குள்தான். எக்ஸ்ரே திரையிலும் எக்கோ படத்திலும் பார்த்துக்கொண்டே வலது மேல் அறைக்குப் போய், ஓட்டையைத் தாண்டி இடது மேல் அறைக்குள் குழாயின் நுனியைக் கொண்டு போவார்கள்.

அடைப்பானைப் பார்த்தால் நடுவில் இடுப்பு வைத்த இரண்டு சிறு தட்டுகள் போல இருக்கும். அதை நீட்டி, ஒரு கம்பியின் நுனியில் திருகி மாட்டி, குழாய்க்குள் தள்ளுவார்கள். இடது அறைக்குள் நுனி வெளியே வந்ததும் முதல் தட்டு விரியும். மெதுவாகப் பின்னுக்கு இழுத்துச் சுவரோடு ஒட்ட வைப்பார்கள். அப்புறம் வலது பக்கத்தில் இரண்டாவது தட்டு விரியும். இடுப்பு ஓட்டைக்குள் உட்காரும். சட்டைக்குப் பொத்தான் மாட்டியது போலச் சுவரின் இரு பக்கமும் பிடித்துக்கொள்ளும்.

டாக்டர் உடனே கையை எடுத்துவிட மாட்டார். இழுத்துப் பார்ப்பார், எக்கோவில் பார்ப்பார். சரியாக உட்காரவில்லை என்றால் மறுபடி குழாய்க்குள்ளேயே இழுத்துக்கொள்ளலாம். எல்லாம் சரி என்று மனசுக்குத் திருப்தியான பிறகே திருகைக் கழற்றுவார். சாதாரணமாக ஒன்று இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். தொடையில் ஓர் ஊசித் தழும்பு மட்டும் இருக்கும். சில மணி நேரம் காலை மடக்காமல் படுக்க வேண்டும். பெரும்பாலோர் இரண்டொரு நாளில் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அடுத்த சில மாதங்களில் உடம்பின் சொந்தச் சதையே அடைப்பானின் மேல் வளர்ந்து மூடிக்கொள்ளும். அதன் பிறகு அது சுவரோடு சுவராகிவிடும்.

எல்லா ஓட்டைக்கும் இது ஆகுமா?

ஆகாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஓட்டையைச் சுற்றி அடைப்பான் பிடித்துக்கொள்ளப் போதுமான விளிம்பு வேண்டும். சுவரின் ஓரத்தில் உள்ள ஓட்டை, மிகப் பெரிய ஓட்டை, வால்வோடு ஒட்டிய ஓட்டை ஆகியவற்றுக்கு ஆபரேஷனே நல்லது. டாக்டர் ஆபரேஷன் என்று சொன்னால், "குழாய் வழியா முடியாதா?" என்று ஒரு தடவை கேளுங்கள், காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அதன் பிறகு தயங்காதீர்கள்.

வேறு சில ஓட்டைகளுக்கு ஒன்றுமே செய்ய வேண்டாம். சிறிய வி.எஸ்.டி. ஓட்டைகளில் பல, பிள்ளை வளர வளரத் தாமாகவே மூடிக்கொள்கின்றன. டாக்டர் சொன்ன தவணைக்குப் போய்க் காட்டி வந்தால் போதும். மேல் சுவர் ஓட்டைக்கு அவசர அறிகுறி இல்லையென்றால், பிள்ளைக்குச் சுமார் 15 கிலோ எடை வரும் வரை பார்த்திருந்து, பள்ளிக்கூடத்தில் சேரும் வயதை ஒட்டி அடைப்பது வழக்கம்.

அபாயமே இல்லையா என்றால், இல்லாமல் இல்லை. அபூர்வமாக அடைப்பான் நழுவலாம், தொடையில் இரத்தம் கட்டலாம், இருதயத் துடிப்பில் தடுமாற்றம் வரலாம். நிக்கல் உலோகம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகும் பிள்ளையாக இருந்தால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

"சீசன் முடியட்டும்" என்னாதீர்கள்

நம் பக்கத்துக் கிராமங்களில் சுகாதார செவிலியர் வீடு தேடிப் போகும்போது நடக்கிற பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"சிஸ்டர், புள்ள நல்லாத்தான் ஓடியாடித் திரியுதா. பதநீர் சீசன் முடியட்டும், பார்ப்போம்."

"அண்ணாச்சி, சீசன் முடிஞ்சா கருப்பட்டி விக்கணும்பீங்க. அப்புறம் குலசை தசரா வந்துரும். போன வருஷமும் இதையேதான சொன்னீங்க?"

"தசராவுக்கு நேர்ச்சை போட்டிருக்கோம் சிஸ்டர்" என்பார் வீட்டுக்காரி.

"நேர்ச்சையைச் செலுத்துங்கக்கா. யாரு வேண்டாம்னா? அதுக்கு முன்னாடி எக்கோ எடுத்துருவோம்."

திண்ணையில் இருக்கும் ஆச்சி குறுக்கிடுவார்: "பொட்டப்புள்ள நெஞ்சுல கத்தி வச்சா நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவா?"

"ஆச்சி, கத்தியே வேண்டாம்னுதான் சொல்லுதேன். இப்பவே போனா தொடையில ஒரு ஊசித் தழும்பு. நாளாச்சுன்னா அந்த வழியும் அடைபட்டுப் போயிரும்."

செவிலியர் சொன்ன கடைசி வார்த்தையைக் கவனியுங்கள். ஓட்டை வழியாக ஒழுகும் மிகை இரத்தம், நுரையீரல் இரத்தக் குழாய்களை நாளடைவில் தடிக்கச் செய்துவிடும். குழாய் தடித்தால் அழுத்தம் ஏறும். ஒரு கட்டத்தில் அழுத்தம் திசை மாறி, கெட்ட இரத்தம் நல்ல இரத்தத்தோடு கலந்து உடம்பெல்லாம் போகும். உதடு நீலம் பூக்கும். அந்த நிலை வந்த பிறகு ஓட்டையை அடைப்பதே ஆபத்து. எந்த டாக்டரும் அடைக்க மாட்டார். பெரிய வி.எஸ்.டி., பெரிய பி.டி.ஏ. உள்ள பிள்ளைக்கு இது இரண்டு வயதுக்குள்ளேயே தொடங்கிவிடக்கூடும். மேல் சுவர் ஓட்டையில் பல வருஷம் கழித்து, பெரியவர்களான பின் சிலருக்கு வரும்.

பெண் பிள்ளைக்கு இதனால் வரும் கேடு இரட்டிப்பு. "ஊருக்குத் தெரிஞ்சா மாப்பிள்ளை வராது" என்று மறைத்துக் கட்டிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கர்ப்ப காலத்தில் உடம்பில் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடுகிறது. இருதயம் அவ்வளவையும் தள்ள வேண்டும். சிறு ஓட்டை உள்ளவர்கள் பலர் டாக்டரின் கண்காணிப்பில் நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள். ஆனால் நுரையீரல் அழுத்தம் மிகவும் ஏறிவிட்ட பெண்ணுக்குக் கர்ப்பமே உயிருக்கு உலை. கல்யாணத்துக்காக மறைத்த நோய், கல்யாணத்துக்குப் பின் அந்தப் பெண்ணின் உயிரையே கேட்கும். பிள்ளை வயதில் அடைத்து முடித்தவளோ, மற்ற பெண்களைப் போலவே குடும்பம் நடத்தலாம், பிள்ளை பெறலாம்.

தம்பதிகள் கவனத்துக்கு

மனைவிக்குச் சிறு வயதில் "இருதயத்தில் சத்தம்" என்று எவராவது சொல்லியிருந்தால், கர்ப்பத்துக்கு முன்பே எக்கோ எடுங்கள். கர்ப்பமான பிறகுதான் நினைவு வந்தது என்றால், முதல் பரிசோதனையிலேயே செவிலியரிடம் சொல்லுங்கள். அடைப்பான் வைத்த பெண் குறைந்தது ஆறு மாதமாவது கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

இருதயக் கோளாறு உள்ள பெண்ணுக்கு எல்லாக் கருத்தடை முறையும் ஒத்துவராது. சில வகை மாத்திரைகள் இரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டும். எது ஏற்றது என்று டாக்டரே சொல்ல வேண்டும். இனிப் பிள்ளை வேண்டாம் என்று முடிவு செய்த குடும்பத்தில், நோயுள்ள மனைவியை ஆபரேஷன் மேஜைக்கு அனுப்புவதைவிட, கணவர் ஆண்களுக்கான கருத்தடை செய்துகொள்வதே சுலபம். கத்தி படாத முறையில் சில நிமிஷத்தில் முடியும். ஆண்மை குறையாது, பனையேறும் பலமும் குறையாது. சில நாள் ஓய்வுக்குப் பிறகு வேலைக்குப் போகலாம்.

எங்கே போவது? செலவு என்ன?

2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு வருஷத்தில் இரண்டு முறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வந்து, 18 வயது வரையுள்ள பிள்ளைகளைச் சோதிக்கிறது. குழு வரும் நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்தி வைக்காதீர்கள். அவர்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து, திருச்செந்தூர் அரசு ஆஸ்பத்திரி, தூத்துக்குடி அல்லது திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்று மேலே அனுப்புவார்கள். எங்கே அடைப்பான் வைப்பது என்பதை அங்குள்ள இருதய டாக்டர் முடிவு செய்வார்.

"அம்புட்டுப் பணத்துக்கு எங்கே போக?" என்று கேட்பீர்கள். 2012 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருதய ஓட்டை அடைப்பும் சேர்ந்திருக்கிறது. குடும்பத்துக்கு வருஷம் ஐந்து லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு காப்பீட்டு அட்டைக்குப் பதிவு செய்யுங்கள். நோய் வந்த பிறகு அட்டைக்கு அலையாதீர்கள். எந்த ஆஸ்பத்திரியிலானாலும் பணம் கட்டுவதற்கு முன் காப்பீட்டு மேஜையில் கேளுங்கள். நகையை அடகு வைக்கும் முன், வட்டிக்கு வாங்கும் முன், 104 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

வீடு திரும்பிய பின்

1. டாக்டர் கொடுத்த மாத்திரையை, பெரும்பாலும் ஆறு மாதம், ஒரு நாளும் விடாமல் கொடுங்கள்.
2. சில வாரங்களுக்கு மரம் ஏறுதல், கபடி, நெஞ்சில் இடிபடும் விளையாட்டு வேண்டாம். டாக்டர் சொன்ன பிறகு தாராளமாக விளையாடட்டும்.
3. ஆறு மாதத்துக்குள் பல் பிடுங்க நேர்ந்தால், அடைப்பான் வைத்திருப்பதைப் பல் டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். பல்லில் உள்ள கிருமி இரத்தத்தில் கலந்து அடைப்பானில் தங்கக்கூடும். தினமும் இரண்டு வேளை பல் துலக்கப் பழக்குங்கள்.
4. காய்ச்சல் விடாமல் அடித்தாலோ, நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத் திணறல் வந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.
5. மறு எக்கோ பரிசோதனைத் தவணைகளைத் தவறவிடாதீர்கள். பிள்ளை நன்றாக இருக்கிறது என்பதற்காக நிறுத்திவிடக் கூடாது.
6. அடைப்பானின் பெயரும் அளவும் எழுதிய அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது அதையும் கொடுத்து அனுப்புங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பெரியவர்களுக்கும் இதே பாதைதான்

மாரடைப்பு வந்தவருக்கு வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழலும் இப்படித்தான் கை அல்லது தொடை வழியாகப் போகிறது. 1977-ல் சூரிச் நகரில் குருன்ட்சிக் என்ற டாக்டர் அடைபட்ட இருதயக் குழாயைப் பலூனால் விரித்துக் காட்டினார். 1986-ல் பிரான்சில் முதல் ஸ்டென்ட் வைக்கப்பட்டது. 2002-ல் அதே நாட்டில், கெட்டுப்போன வால்வுக்குப் பதில் புது வால்வையே குழாய்க்குள் மடக்கி அனுப்பி வைத்தார்கள். 2017 பிப்ரவரியில் நம் அரசு ஸ்டென்டுக்கு உச்ச விலை விதித்தது. கருவி எதுவானாலும் பாதை ஒன்றே, விதியும் ஒன்றே: சீக்கிரம் போனவருக்கே அது உதவும்.

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள

* நம் பிள்ளையின் நெஞ்சைக் கடைசியாக எப்போது டாக்டர் குழல் வைத்துக் கேட்டார்?
* நம் இருவர் குடும்பத்திலும் எவருக்காவது பிறவி இருதயக் கோளாறு உண்டா?
* பெண் பிள்ளைக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி இரண்டும் போட்டாயிற்றா?
* காப்பீட்டு அட்டை வீட்டில் எங்கே இருக்கிறது? இருவருக்கும் தெரியுமா?
* டாக்டர் எழுதிக் கொடுத்து, நாம் இன்னும் எடுக்காத எக்கோ ஏதாவது உண்டா?

கடைசிக் கேள்விக்கு 'உண்டு' என்பது பதிலானால், தேதியை இன்றைக்கே குறியுங்கள். பனை அடுத்த வருஷமும் பாளை விடும். தசரா அடுத்த வருஷமும் வரும். ஓட்டையை அடைக்கும் காலம் மட்டும் தவறினால் திரும்ப வராது.